யாயிஷ் வீட்டுக் கல்யாணத்து எறும்பு

சத்தியம் செய்வது நமக்கு ஆகாத காரியம். வேதத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் செய்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால், இந்தத் தாடி வருகிற சனிக்கிழமைக்குள் உதிர்ந்து என் சூப்பிலேயே விழட்டும்.

கல்யாணச் சமையலுக்கு நின்ற ஃப்ரேஹா ஊதினாள். அவள் செய்ததெல்லாம் அவ்வளவுதான். முதல் ஆவியில் வெந்த குஸ்குஸை, அதாவது பார்லி ரவைச் சோற்றை, ஓர் ஆள் படுத்துப் புரளக்கூடிய மரத்தாம்பாளத்தில் கொட்டி, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக் கட்டி விழாமல் உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஆறியதும் இரண்டாவது ஆவிக்கு ஏற்ற வேண்டும். அப்போது தாம்பாளத்தின் விளிம்பில் ஓர் எறும்பு. பார்லி நிறம், பார்லி அளவு. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஃப்ரேஹாவுக்கு உயிர் என்றால் இரக்கம்; மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்காமல் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறவள். மெல்ல ஊதினாள். வெளியே விழ வேண்டிய எறும்பு உள்ளே விழுந்தது. கண்ணெதிரே விழுந்து, கண்ணெதிரே காணாமல் போனது.

பூச்சி கிடக்கும் சோற்றைத் தின்பது எங்கள் வேதத்தில் விலக்கு. ஆனால் அடுக்களையில் வேறு யாருமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இருநூறு பேர் தின்று, வாழ்த்தி, கையை நக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த வருஷம் வானம் பொய்த்து மூன்றாவது வருஷம். மலை தாண்டி இந்தப் பக்கம் வந்த மேகங்கள் எங்களிடம் தண்ணீர் கேட்டுவிட்டுத் திரும்பின. யாயிஷ் மகளின் கல்யாணத்துக்காக, யூதத் தெருவின் ஒவ்வொரு வீடும் ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிக் கொடுத்த கடைசிப் பிடி பார்லி இது. மாப்பிள்ளை வீட்டார் கோவேறு கழுதைகளில் மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள். பசித்து வருகிறவர்கள் வெறும் பந்தியைப் பார்த்தால் கழுதையைத் திருப்பிவிடுவார்கள். சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால், தெரு முழுவதும் அவளை நம்பித் தின்னும். ஃப்ரேஹா கையிலிருந்த எண்ணெயை முந்தானையில் துடைத்தாள். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

“இந்தாங்க, ரப்பியைக் கூட்டிட்டு வாங்க.”

தெருவின் வேதகுரு ரப்பி மக்லூஃப் மூக்குப்பொடி டப்பாவோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சிட்டிகை உறிஞ்சினார்.

“இதுக்கு எதுக்கு ரப்பி யோசனை?” என்றான் அவள் கணவன் மிமூன். “கறியோட சேரக்கூடாத பாலு கறிச்சட்டியில ஒரு சொட்டு விழுந்தா, அறுபது பங்கு கறி இருந்தாக் கரைஞ்சு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க அறுபதாயிரம் பங்கு இருக்கே!”

“பாலு கரையும்டா. உசுரு கரையாது. முழுசா இருக்கிற ஒரு உசுரு, ஆயிரத்துல கிடந்தாலும் ஒண்ணுதான். மேல மலையையே கொட்டினாலும் அது ஒண்ணுதான். ஒரு கால் ஒடிஞ்சிருந்தா வெறும் துணுக்கு, அறுபதுல போயிடும். ஏம்மா ஃப்ரேஹா, தட்டினியா, ஊதினியா?”

“ஊதினேன்.”

“பலமாவா?”

“குழந்தை கண்ணுல தூசி விழுந்தா ஊதுவோமே, அந்த மாதிரி.”

ரப்பி கண்ணை மூடிக்கொண்டார். “கெடுத்தியே தாயீ.”

“அப்ப நல்லா அழுத்திக் கிளறச் சொல்லுங்க,” என்றான் மிமூன். “ஆறு கால்ல ஒண்ணு ஒடியாமலா போயிடும்?”

“தெரிஞ்சே ஒடிச்சா, ஒடிச்சவனுக்கும் ஆகாது, யாருக்காக ஒடிச்சானோ அவங்களுக்கும் ஆகாது.”

“சரி, கிளறல. தேடலாமில்ல?”

“தாராளமாத் தேடு. ஆனா உன் விரல் தேடுதா, ஒடிக்குதான்னு உனக்கே தெரியுமா?”

மிமூன் நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டான். பெண்ணைப் பெற்ற யாயிஷ் ஓடி வந்தார். சட்டைக்கையை மடித்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், மடித்ததை இறக்கிவிட்டார். தெருவே வந்தது. ஒவ்வொருவராக விரலை நீட்டுவதும், விரலையே சந்தேகமாகப் பார்ப்பதும், கையைக் கக்கத்தில் சொருகிக்கொள்வதுமாக இருந்தார்கள். பசித்த கையை யாரும் நம்பவில்லை.

“அது செத்துப்போகல ரப்பி,” என்றாள் ஃப்ரேஹா. “சோறு ஆறிடுச்சு. அதுக்கு வெளிய வர வழி தெரியும். தானா வந்துட்டா?”

“வந்துட்டா மிச்சமெல்லாம் சுத்தம்.”

“அப்ப உட்காருங்க.”

எட்டுப் பேர் தாம்பாளத்தைத் தூக்கி முற்றத்து வெயிலில் வைத்தார்கள். தெரு சுற்றி உட்கார்ந்தது. எங்கள் ஜனம் ஒன்றாக வாயை மூடியது சரித்திரத்திலேயே அன்றைக்குத்தான். கூவ வாயெடுத்த சேவல் சூழ்நிலையைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டது. ரப்பிக்குப் பொடி வேலை செய்தது. மூக்கு சிவந்து காது வரைக்கும் ஏறிய தும்மலை அவர் அப்படியே அடக்கி, வியாழக்கிழமை வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு தெருமுனை திரும்பினார்கள். மேளம் தானாகவே நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கழுதையிலிருந்து இறங்கி மிமூன் காதில் கிசுகிசுத்தார்: “யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல மாமா. உசுரோட இருக்கு. அதான் பிரச்சினை.”

விவரம் கேட்டதும் தாய்மாமன் தாம்பாளத்தைப் பார்த்தார். இரண்டு நாள் பட்டினி அவர் தொண்டையில் ஏறி இறங்கியது. கழுதையைத் திருப்பப் போகிறார் என்று யாயிஷ் தூணைப் பிடித்துக்கொண்டார். தாய்மாமன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து, முன்வரிசையில் குந்தினார்.

ஃப்ரேஹா குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு வீட்டுப் பார்லி. எது எந்த வீட்டுப் பிடி என்று இனி அந்தந்த வீட்டாருக்கே தெரியாது. எல்லாம் ஒன்றாய்க் கரைந்துவிட்டது. உள்ளே ஓரிடத்தில் கரையாத ஒன்று, இத்தனை பேரைக் காக்க வைத்திருப்பது தெரியாமல், தன் பாட்டுக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறது. இப்படித்தான் யாரோ ஒருவன் மேலிருந்து எங்கள் தெருவையும் பார்த்துக்கொண்டிருப்பானோ, கையை உள்ளே விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு? தலையை நிமிர்த்தப் பயந்து குனிந்தே இருந்தாள்.

ஒரு பார்லி மணி அசைந்தது.

பிறகு பக்கத்து மணி. பிறகு குவியலின் உச்சி லேசாகச் சரிந்து, தன்னைவிடப் பெரிய பார்லி மணி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எறும்பு வெளியே வந்தது. இருநூறு உதடுகள் சத்தமில்லாமல் அதன் கால்களை எண்ணின: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. வரிக்கு வந்த அதிகாரிக்குக்கூட எழாத ரப்பி மக்லூஃப், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். முற்றமே எழுந்தது. மிமூன் மணியைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரப்பி தலையை மட்டும் அசைத்தார்: எடுத்துக்கொண்டு போகட்டும்.

அது விளிம்பைத் தாண்டி, மரத்தில் இறங்கி, தரைக்கு வந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. வாசற்படியில் மணப்பெண் பாவாடையின் விளிம்பை ஒரு விரற்கடை தூக்கினாள். எறும்பு அவள் மருதாணிக் கால்களுக்கு நடுவே நுழைந்து தெருவில் இறங்கியது. யார் முதல் அடி வைத்தார்களோ தெரியவில்லை. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் மேளக்காரர்களும் கோவேறு கழுதைகளும், ஓர் எறும்பு நடக்கும் வேகத்தில், அந்த ஒற்றைப் பார்லி மணிக்குப் பின்னால் வெயிலில் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

யாயிஷுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் ஆண். வருகிற சனிக்கிழமை நான் சூப்பைத் தொடப்போவதில்லை.