திராட்சை நாற்றம்

தையலை மூடியிருந்த பஞ்சை எடுக்கும்போது நர்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்படியும் நாற்றம் வந்துவிட்டது. வெறும் அழுகல் என்றால் பழகியிருப்பாள். இது தித்தித்தது. வெயிலில் நசுங்கிக் கிடக்கும் திராட்சையைப் போல ஒரு இனிப்பு, அதற்கு அடியில் சீழ். பஞ்சோடு வெளிர்ப் பச்சையாக ஒட்டிக்கொண்டு நூல்நூலாக இழுபட்டது. போன வாரம் பிரசவத்தில் அவளே போட்ட தையல்.

படுத்திருந்தவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "ரொம்ப நாறுதா சிஸ்டர்?"

"எல்லாருக்கும் வர்றதுதாம்மா."

சமாதானத்துக்குச் சொன்னது. ஆனால் உண்மை. இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பச்சைச் சீழோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். மாடித் தொட்டிக்குள் ஆளை இறக்கியதில் சேறும், ஊறி வெளுத்துப்போன பல்லி ஒன்றும் வந்தன. "இதையா குடிச்சோம்" என்று வார்டு ஆயா வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுத்தம் என்று வந்தது. கத்தரியும் ஊசியும் ஆவியில் வெந்துதான் வந்தன. கையுறைகள் மட்டும், தட்டுப்பாட்டினால், சோப்புப் போட்டுக் கழுவி மறுபடியும் மாட்டப்பட்டன.

"வீட்டுக்குப் போய் என்னத்தப் பூசிக்கிறாங்களோ" என்றார் டாக்டரம்மா. "நீங்க கையை இன்னும் நல்லா கழுவுங்க. சோப்பைத் தாராளமா போடுங்க."

நர்ஸ் தாராளமாகவே போட்டாள். நகக்கண் விடாமல், முழங்கைவரை. கழுவக் கழுவச் சீழ் கூடியது.

இன்று பிரசவ அறையில் வலியோடு கிடப்பவள் அவளுடைய தங்கை. "டவுனுக்கே போயிடறேன்" என்றவளை, "நான் எதுக்குடி இருக்கேன், என் கையாலயே பார்க்கிறேன்" என்று வம்படியாக அழைத்துவந்தவள் இவள். இனி வண்டி பிடித்து அனுப்ப முடியாது. குழந்தையின் தலை இறங்கிவிட்டது.

"அக்கா, எங்க போற?"

"கை கழுவிட்டு வரேன். நீ கத்தாம மூச்ச இழுத்து விடு."

"நீ வந்து படு, நான் சொல்லித் தரேன்."

சிரித்துக்கொண்டே, கழுவுதொட்டி ஓரத்திலிருந்த திரவ சோப்புப் புட்டியை அழுத்தினாள். தேய்த்தாள், அலசினாள். உதட்டுமேல் வியர்வையை மணிக்கட்டால் ஒற்றியபோது மூக்கில் ஏறியது. திராட்சை.

அந்தப் பெண்ணுடையது ஒட்டியிருக்கும் என்று வெறும் தண்ணீரில் மறுபடி மறுபடி அலசினாள். நாற்றம் போய்விட்டது. சோப்புப் போட்டாள். வந்துவிட்டது.

புட்டியின் மூடியைத் திருகி இழுத்தாள். உறிஞ்சுகுழாயைச் சுற்றிச் சளி போல ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது. புட்டிக்குள் விரலை விட்டாள். உட்சுவர் முழுவதும் நாக்கைத் தொட்டதுபோல வழவழத்தது.

"ஆயா, இதைக் கடைசியா எப்ப காலி பண்ணிக் கழுவினீங்க?"

"அது எங்கம்மா காலியாச்சு? குறைஞ்சா நீங்க கொஞ்சம் சோப்பும் தண்ணியும் ஊத்துவீங்க, நான் கொஞ்சம் ஊத்துவேன். அட்சய பாத்திரமாச்சே."

திரவ சோப்பில் கிருமி வளராமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். சிக்கனம் என்று தண்ணீர் சேர்த்தால் அந்த மருந்து நீர்த்துப்போகும். பிறகு சில கிருமிகளுக்குச் சோப்பே சாப்பாடு. புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசின் பூசி வீடு கட்டிக்கொள்ளும். மேலே எத்தனை புதுச் சோப்பு ஊற்றினாலும் அடியில் அந்த வீடு அசையாது. அதைத்தான் அவள் ஒவ்வொரு தையலுக்கும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போயிருக்கிறாள். கையுறையிலும் பூசியிருக்கிறாள். தோளிலிருந்து தொங்கும் இரண்டு கைகளும் வேறு யாருடையவோ போலிருந்தன. வெளியே பெஞ்சில் பச்சைச் சீழ்க்காரி மாத்திரைக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா!"

"தங்கச்சி பையில பாப்பாவுக்கு வாங்கின சோப்புக்கட்டி இருக்கும் ஆயா, பிரிக்காம கொண்டாங்க. புதுக் கையுறை ஒரு ஜோடியும் எடுங்க."

"பச்சப்புள்ள சோப்பும்மா அது."

"புள்ளைக்குத்தான்."

புட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு, காகிதத்தைக் கிழித்து, ஓடும் தண்ணீரில் முதலிலிருந்து கழுவினாள். முகர்ந்தாள். சோப்பு மட்டும்தான் மணத்தது. ஈரக்கட்டியை எங்கே வைப்பது என்று ஆயா கழுவுதொட்டி விளிம்பைப் பார்த்தாள். நர்ஸ் அலமாரியிலிருந்த டீ வடிகட்டியை முழங்கையால் காட்டினாள்.

"அதைக் கவுத்து அதுமேல வைங்க. அடியில தண்ணி நிக்கக் கூடாது."

ஆயா வைத்தாள். சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றது. இனிமேல் இப்படித்தான்: கட்டி சோப்பு, அடியில் வடிகட்டி, கை கழுவி முடித்ததும் சோப்பு காய வேண்டும். காய்ந்த சோப்பில் கிருமி வீடு கட்டாது.