டாக்டர் வச்சிருந்த வண்டி

“டாக்டர் வச்சிருந்த வண்டிங்க. ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் தவிர வேற எங்கயும் போனதே கெடையாது” என்று கார் தரகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தபோது, நர்மதாவின் மனதில் அந்த டாக்டர் உருவமாகவே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், வேகத்தடையில்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறி இறங்கும் சுபாவம். வண்டி வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில், அந்த மனிதரை எங்காவது பார்த்தால் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள். நோயாளிகளையும் இந்த லட்சணத்தில்தான் பார்த்திருப்பார்.

வலது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் ஆரன் தானாக அடித்தது. பின்பக்கத்து இடது கண்ணாடி ஒரு நாள் கீழே இறங்கியது, பிறகு ஏறவில்லை. ஏசி போட்டால் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் காலில் தண்ணீர் சொட்டியது. காலையில் டேஷ்போர்டில் இஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்பினால், வண்டி இருமி இருமி, எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டியைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் கிளம்பியது. கதவு ஒன்றுக்குள் கோலிக்குண்டு போல ஏதோ உருண்டுகொண்டே இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாத வியாதி ஒன்றுதான். வண்டி மலை ஏறவில்லை.

வீடு இருக்கும் வடக்கனந்தலிலிருந்து மலையடிவாரத்து அணை வரைக்கும் சமதரையில் அம்பு போலப் போகும். மலைப்பாதை தொடங்கி மூன்றாவது வளைவு வந்ததும், பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பது போல மூச்சு வாங்கும். மிதிக்க மிதிக்க வேகம் குறையும். கடைசியில் ஒரு கரும்புகையை விட்டுவிட்டு நின்றுவிடும். இறங்கி, முன் மூடியைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். சற்று நேரம் கழித்துக் கிளப்பினால், ஒன்றும் நடக்காதது போல முனகாமல் ஓடும். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. அவள் பள்ளிக்கூடத்தை எட்டும்போது பிள்ளைகள் காலை வழிபாட்டை முடித்து, மைதானத்தில் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு ராஜ்யம் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் அந்தப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் அரங்கநாதன் ஒருவர், நர்மதா இன்னொருவர். இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை ‘அ’ எழுத வைத்ததும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்பு வெள்ளிமலையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஆவணியில் கல்யாணம் ஆனது. கணவன் விஜயராகவனுக்குக் கச்சிராயபாளையத்தில் மருந்துக்கடை. வாரம் முழுக்கப் பெண்டாட்டி மலையில் இருந்தால் அது என்ன குடும்பம் என்று ஊரே கேட்டது. ஊர் கேட்டதை அவனும் ஒரு நாள் கேட்டான். தினமும் போய்வரக் கார் வாங்குவது என்று சமாதானம் ஆனது.

“வண்டி ஏறினா நீயும் ஏறு. ஏறலன்னா டிரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போட்டுரு. அவ்ளோதான், நான் வேற ஒண்ணும் சொல்லல” என்றான் விஜயராகவன். அவன் கெட்டவன் இல்லை. அந்த மூன்றாவது வளைவுக்கு இரண்டு முறை கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றவன். இடமாறுதலுக்கு விண்ணப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அவள் கீழே வந்துவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியாது. அரங்கநாதன் சார் ஒருவரே ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துக்கொண்டு, வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும்.

மாமியார் ரங்கம்மாள் மட்டும் எதுவும் சொன்னதில்லை. காலையில் வாசல் வரை வந்து வழியனுப்புவாள். சாயந்திரம் ஆரன் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பாள்.

“ஏறிச்சா?”

“இல்ல அத்த. நின்னு நின்னுதான் போச்சு.”

“ம்” என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போய்விடுவாள். இந்த வீட்டில் இந்த வண்டியைப் பற்றி உண்மையான அக்கறையோடு விசாரிக்கிற ஒரே ஜீவன் என்று நர்மதா நினைத்திருந்தாள்.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் தமிழழகனிடம் வண்டி நான்கு முறை போய்வந்துவிட்டது. அவன் ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கியதும் முதல் வேலையாக, பேட்டரிக் கம்பியில் காசு முடிந்து கட்டியிருந்த மஞ்சள் துணியை இரண்டு விரலால் பயபக்தியோடு தூக்கி, எண்ணெய் படாமல் பேட்டரியின்மேல் மடித்து வைத்து, பறக்காமல் ஒரு ஸ்பேனரை வைப்பான். வேலை முடிந்ததும் அதை இருந்தபடியே தொங்கவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். டீசல் ஃபில்டரை மாற்றினான். ஏர் ஃபில்டரை ஊதினான். டர்போ குழாயைக் கழற்றித் துடைத்தான். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தான்.

“ஒண்ணும் காட்டல டீச்சர்.”

“மலையில நிக்குதுப்பா.”

“பைபாஸ்ல நூறுல போய்ப் பார்த்துட்டேன். சும்மா பறக்குது.”

“பைபாஸ்லயா பள்ளிக்கூடம் இருக்கு?”

“நீங்க கியர எறக்காம மிதிக்கறீங்களோ இன்னாவோ. லேடீஸ் ஓட்டினா கொஞ்சம் அப்டி இப்டி...”

“தமிழழகா, நீ என்கூட ஒரு தரம் மலைக்கு வா. நீயே ஓட்டு. ஏறிட்டா உனக்கு மாலை போடறேன். ஏறலன்னா இந்த ‘லேடீஸ்’ கதைய அதோட வுட்டுறணும்.”

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவானது. கடைசி முயற்சி. விஜயராகவனும் கடையை அடைத்துவிட்டு வந்தான். கிளம்பும் நேரத்தில் ரங்கம்மாளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினாள்.

“நீ எங்கம்மா வர?”

“ஏன், நான் வந்தா ஒன் வண்டி தேஞ்சிடுமா? நானும் பாக்கறனே, எப்டி ஏறுதுன்னு.”

அணை வரைக்கும் நர்மதா ஓட்டினாள். தமிழழகன் பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டும் ஏசித் தண்ணீருக்காகக் காலை மடக்கிக்கொண்டு, “இத நாளைக்குப் பாத்துடலாம்” என்றான். மேலே ஏறாத கண்ணாடி வழியாகக் காற்று ரங்கம்மாளின் தலையைக் கலைத்தது. மலை, தூரத்தில் படுத்திருக்கும் ஒரு பெரிய மிருகத்தின் முதுகு போல நீலமாகத் தெரிந்து, கிட்டப் போகப் போகப் பச்சையாகியது. எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அந்த இடம் வேறொரு நாட்டின் எல்லை போலத்தான் இருக்கும். எல்லைக் காவலன் மாதிரி அந்த மூன்றாவது வளைவு.

மலையடிவாரத்தில் தமிழழகன் ஸ்டியரிங்குக்கு மாறினான். முதல் வளைவில் ஆரன் தானாக அடித்தது. எதிரே வந்த மினி பஸ்காரன் முறைத்தான். இரண்டாவது வளைவு. “பாத்தீங்களா டீச்சர், எப்டி இழுக்குதுன்னு?” என்று அவன் திரும்பிச் சிரித்தான். மூன்றாவது வளைவின் நடுவில் சிரிப்பு நின்றது. கியரை இறக்கினான். மறுபடி இறக்கினான். மிதித்தான். வண்டி கரும்புகையை விட்டுவிட்டு நின்றது.

“லேடீஸ் யாரும் ஓட்டலயே?” என்றாள் நர்மதா.

விஜயராகவன் இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தான். வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும் நர்மதா. நாளைக்குக் கடைசி நாள். எழுதிப் போட்டுரலாம்” என்றான். அதை அவன் இரக்கத்தோடு சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மனதில் பிள்ளைகளின் வரிசை ஒன்று கலைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பதில் அவள் வண்டியின் முன் மூடியைப் படாரென்று தூக்கினாள்.

“நீ உள்ளேயே இருப்பா. கிளப்பு. நான் பாக்கறேன்.”

“நீங்க பாத்து இன்னா டீச்சர் ஆவப்போவுது?”

“கிளப்புன்னா கிளப்பு. அழுத்தி மிதி. மேல போற மாதிரி மிதி.”

இஞ்சின் கிளம்பியது. முதலில் ஒன்றுமில்லை. தகதகவென்று நடுங்கும் இரும்பு, சூடு, டீசல் வாசனை. தமிழழகன் மிதியை அழுத்தினான். சத்தம் ஏறியது. பேட்டரிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் துணி ஒரு முறை அசைந்தது. காற்றில்லாத இடத்தில் அது ஏன் அசைகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துணியின் நீண்ட முனை உயிர் வந்தது போல எழும்பி, பக்கத்திலிருந்த கறுப்புக் குழாயின் வாயில் போய் சப்பென்று ஒட்டிக்கொண்டது. வண்டி காற்றை உறிஞ்சும் வாய் அது. இஞ்சின் திணறியது. பின்னால் கரும்புகை வந்தது.

“வுடு!” என்று கத்தினாள். அவன் காலை எடுத்தான். துணி பொத்தென்று விழுந்து, அப்பாவியாகத் தொங்கியது.

“மறுபடி மிதி!”

எழும்பியது. ஒட்டியது. திணறியது. விட்டால் விழுந்தது.

விஜயராகவன் எட்டிப் பார்த்தான். தமிழழகன் இறங்கி வந்து, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான்.

“நாலு தரம் இத எடுத்து ஒதுக்கி வச்சியே. உனக்குத் தோணவே இல்லையா?”

“சாமி துணி டீச்சர்! அதப் போயி சந்தேகப்படுவாங்களா? நான் ஒதுக்கி வச்சுட்டு மிதிச்சா வண்டி கம்முனு இருக்குது. திரும்பத் தொங்கவுட்டு பைபாஸ்ல போனா அங்கயும் கம்முனு இருக்குது, அங்க இவ்ளோ அழுத்தற வேல இல்லயே. பழைய ஓனரு வேண்டிக்கினு கட்டினது, நாம எதுக்கு அவுக்கணும்னு...”

“நானும் அந்த டாக்டர் கட்டினதுன்னுதான் நெனச்சேன்” என்றான் விஜயராகவன்.

நர்மதாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். யாரோ முன்பின் தெரியாதவரின் வேண்டுதல். அதன் மேல் கை வைப்பது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது மாதிரி என்று விட்டிருந்தாள். இப்போது குனிந்து துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் பச்சைக் கரை. அவர்கள் வீட்டு அடுப்படியில் பாத்திரம் இறக்க வைத்திருக்கும் பழைய புடவையில் மீதி இருக்கும் கரை. அதை மஞ்சளில் நனைத்திருக்கிறார்கள்.

அவள் நிமிர்ந்து, மூடியின் ஓரமாக எட்டிப் பின்சீட்டைப் பார்த்தாள். ரங்கம்மாள் ஏறாத கண்ணாடியின் வழியாகப் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்த.”

“இன்னா?”

“இது யாரு கட்டினது?”

“வண்டி வந்த அன்னிக்கு எலுமிச்சம்பழம் வச்சாங்க, சூடம் கொளுத்தினாங்க... யாரு இன்னா கட்டினாங்கன்னு நான் கண்டனா?”

“அம்மா!” என்றான் விஜயராகவன்.

ரங்கம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கதவுக்குள் கோலிக்குண்டு உருண்டது.

“ஆமாண்டா, நான்தான் கட்டினேன். கொலசாமிக்கு வேண்டிக்கினு கட்டினேன். அதுக்கு இன்னா இப்போ?”

“வண்டி நல்லபடியா போய் வரணும்னா?” என்று தமிழழகன் எடுத்துக் கொடுத்தான்.

ரங்கம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்ல அது நல்ல வாய்ப்புதான். ஆனால் சாமி பேரில் கட்டிய துணி பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“இவளுக்குக் கீழயே மாத்தல் கெடைக்கணும்னு கட்டினேன்” என்றாள். “மாத்தலாயி வந்தா பொங்க வெக்கறேன்னு வேண்டிக்கினேன்.”

கீழே அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. ‘ஏறிச்சா?’ என்ற கேள்விக்கு இத்தனை நாளும் தான் எவ்வளவு நன்றியோடு பதில் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது நர்மதாவுக்குக் காது சுட்டது.

“என்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்த.”

“சொன்னா கேப்பியா நீ? இந்தப் பள்ளத்தப் பாரு. சாயங்காலம் ஆரன் சத்தம் கேக்கற வரைக்கும் ஒலையில அரிசி போடக்கூட எனக்குக் கை வராது. அது ஒனக்குத் தெரியுமா? வண்டிய மறிக்கும்னு கண்டனா நான்? சாமி ஏதோ வழி காட்டுதுன்னு நெனச்சேன்.”

“சரி, அவுத்துருங்க.”

“நான் மாட்டேன். வேண்டினது வேண்டினதுதான். நெறவேறாம அவுத்தா குத்தமாயிடும்.”

நர்மதா கணவனைப் பார்த்தாள். அவன் கல்லைப் பார்த்தான். தமிழழகனைப் பார்த்தாள். “இஞ்சினையே எறக்கச் சொல்லுங்க, எறக்கறேன். இத நான் தொடமாட்டேன் டீச்சர். புள்ள குட்டிக்காரன்” என்றான்.

ஒரு முழம் பழந்துணி. அதற்கு முன்னால் நான்கு பேர், ஒரு டீசல் இஞ்சின், ஒரு பள்ளிக்கூடம். எரிச்சலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து துழாவி ஒரு ரூபாய்க் காசை எடுத்தாள். துணியின் தொங்கும் முனையில் அதை வைத்து மடித்து, கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றாள். பிறகு அந்த முனையைப் பேட்டரிக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, இழுத்து, இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முடிச்சுப் போட்டாள். மாமியாரின் முடிச்சுக்குப் பக்கத்திலேயே அவளுடையது. இனி ஒரு விரற்கடைகூட எழும்பாது.

“அவுக்கத்தானே கூடாது?” என்றாள்.

ரங்கம்மாள் கிட்டே வந்து இரண்டு முடிச்சையும் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு முடிச்சுப் போடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்த சாஸ்திரத்தில் எதுவும் இல்லை.

“நீ இன்னாடி வேண்டிக்கின?”

“நீங்க சொன்னீங்களா எங்கிட்ட?”

இந்த முறை நர்மதாவே ஓட்டினாள். கல்லை எடுத்ததும் வண்டி ஒரு முறை உறுமிவிட்டு மூன்றாவது வளைவைத் தாண்டியது. நான்காவதைத் தாண்டியது. முந்தானையைப் பிடித்து இழுக்கும் கை இல்லை. பாறைகளும் மூங்கில் புதர்களும் அவசர அவசரமாகப் பின்னால் போயின. விஜயராகவன், “அப்ப அந்த அப்ளிகேஷன்...” என்று இழுத்தான்.

“வண்டி ஏறினா நீயும் ஏறுன்னு சொன்னது யாருங்க?”

அடுத்த வளைவு வலது பக்கம். ஸ்டியரிங்கை ஒடித்ததும் ஆரன் மலை முழுக்க எதிரொலிக்க அலறியது. தூக்கிவாரிப் போட்ட ரங்கம்மாள் முன்னால் எக்கி நர்மதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நர்மதா கியரை இறக்கி வேகத்தைக் குறைத்தாள்.

“இந்த ஆரனுக்கு யாரு அத்த வேண்டிக்கினது?”

“அது நான் இல்லடி, சத்தியமா” என்றாள் ரங்கம்மாள். “அது அந்த டாக்டரு.”

தோளிலிருந்து கையை மட்டும் வெள்ளிமலை வரைக்கும் எடுக்கவில்லை.