ஜெராக்ஸ் கடைக்காரியின் சுற்றுப்பாதை

ஜெராக்ஸ் கடைக்காரி தரையை விட்டுக் கிளம்பி, மொட்டைமாடிகளுக்குச் சற்று மேலே தெருவைச் சுற்ற ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்குத் தக்காளி விலை இறங்கியிருந்ததால் ஜனங்கள் முதலில் அதைப் பேசிவிட்டுத்தான் இதற்கு வந்தார்கள். புருஷனோடு கோபித்துக்கொண்டு போனாள் என்று சிலர் கதை கட்டினார்கள். அதில் துளியும் உண்மை இல்லை. பாடம் சரியாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடையில் ஆள் வராத நேரத்தைப் போக்க எதையோ தேடப்போய், ராக்கெட் விஞ்ஞானத்தை இலவசமாகச் சொல்லித்தரும் இணையதளம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. வாசித்தால் மட்டும் போதாது. திரையில் நிற்கும் ராக்கெட்டுக்கு எரிபொருள் நிரப்பி, கோணம் பார்த்து, ஏவியும் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அத்தனையும் விழுந்தன. திரைக்குள் விழுந்தவை பச்சைமிளகாய் அளவில் தெருவிலும் விழுந்தன. தெரு பெருக்குகிறவள் அவற்றை முறத்தில் வாரி, மக்காத குப்பையில் சேர்த்தாள். கடைக்காரியின் புருஷன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"டோனர் மாத்தினா மூஞ்சியெல்லாம் கரி. இவ ராக்கெட் விடப் போறாளாம்!"

"நீங்க சொல்லிக்கொடுத்தவங்க எல்லாம் செவுத்துலதானே முட்டுறாங்க? என்னோடது வானத்துல முட்டிட்டுப் போகட்டும்."

சுற்றுப்பாதைப் பாடம் கைவந்த நொடியில், கையில் பிடித்த மவுஸோடு அவளும் கிளம்பிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், மேலே போவதற்கே எரிபொருள் முழுவதையும் செலவழித்திருந்தாள். இறங்குவது அடுத்த பாடம். இறங்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்கவும் எரிபொருள் வேண்டும். யாராவது கொஞ்சம் மிச்சத்தோடு மேலே வந்து கையைப் பிடித்தால்தான் உண்டு. இதை அவளே, வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சுற்றுக்கு ஒரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு போனாள். கேட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

எலெக்ட்ரீஷியனான அவள் தம்பி, ஏணி மேல் ஏறி நின்று, மூங்கில் கழியில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டி நீட்டுவான். போகிற போக்கில் வாங்கிக்கொள்வாள். ஆனால் அவள் சுற்றும் உயரம் நாளுக்கு ஒரு சாண் கூடிக்கொண்டே போனது. கழியைக் கழியோடு கட்டி எத்தனை காலம் நீட்டுவது? இப்படியே விட்டால் குரலும் எட்டாமல் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தாலும் கண் மேலேயே இருந்தது. அவரிடம் படித்தவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுவரில் முட்டினார்கள்.

கடைசியில் அவரே கடையைத் திறந்து, புது மவுஸ் ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். கணக்கு என்றால் காத தூரம் ஓடியவர். அவருடைய ராக்கெட் எங்கே விழுந்ததோ அங்கே அவரும் கிடந்தார்: ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குள், ஒருநாள் சலூன்காரர் கூரைமேல். மச்சினன்தான் ஏணியோடு வந்து இறக்குவான்.

"மாமா, அதுல கிளட்ச் கிடையாது. தேடாதீங்க."

"நீ ஏணியைப் புடிடா. எனக்குப் பாடம் எடுக்காத."

எத்தனை முறை விழுந்தாலும் திரை "மீண்டும் முயலவும்" என்று மட்டுமே சொன்னது. பள்ளிக்கூடத்தில்கூட அவரிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை. அந்த வாரத்திலிருந்து அவரும் தன் மாணவர்களிடம் கத்துவதை விட்டார். அவர்கள் பயந்துபோனார்கள்.

கோணம் சரியாக விழுந்த ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் மேலே போனார். மனைவி இரண்டு வீடு முன்னால் மிதந்துகொண்டிருந்தாள். எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டினார். இன்னும் உயரே போய் நாலு வீடு பின்தங்கினார். மறுபடி கூட்டினார், தெருமுனைக்கே போய்விட்டார்.

"வேகத்தைக் குறைங்க!" என்று கத்தினாள்.

"குறைச்சா எப்படிப் புடிக்கிறது? முந்தணும்னா அமுக்கணும்!"

"அது ரோட்டுல! இங்க அமுக்கினா வட்டம் பெருசாயிரும், சுத்தி வர நேரமாகும். குறைச்சா கீழ இறங்கி, சின்ன வட்டத்துல சீக்கிரமா வந்துருவீங்க!"

"பொண்டாட்டி சொல்லி வேகத்தைக் குறைச்சேன்னு வெளிய தெரிஞ்சா ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான்!"

"ஊரே வாயைப் பொளந்து பாத்துட்டிருக்கு. இனிமே என்ன வெளிய தெரியறது? குறைங்க!"

அவர் கையிலிருந்த மவுஸில் எரிபொருள் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு முறை அமுக்கினால் இருவரும் சேர்ந்து சுற்ற வேண்டியதுதான், அதுவும் ஆளுக்கொரு மூலையில். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, முந்துவதற்காக வேகத்தைக் குறைத்தார். சரிந்தார். துணிக்கொடிகளை உரசிக்கொண்டு, யாருடைய பாவாடையையோ தோளில் போட்டுக்கொண்டு, தெருவை ஒரே வீச்சில் சுற்றி, அவள் செருப்புக்குக் கீழே வந்து, மெல்ல எழும்பி, பக்கத்தில் நின்றார். அவள் கையைப் பிடித்தாள். கீழே மச்சினன் ஏணியைப் போட்டுவிட்டு விசிலடித்தான்.

"வர இவ்ளோ நாளா?"

"கோணப் பாடத்துல மாட்டிக்கிட்டேன்."

"என்னைக் கேக்க வேண்டியதுதானே? வாசல்லதானே சுத்திட்டிருந்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் இருவரும் ஒரு முழம் குலுங்கினார்கள். இறங்குவதற்கான பொத்தானில் விரலை வைத்தவரை, "இன்னும் ஒரே ஒரு சுத்து" என்று அவள் தடுத்தாள். அவரும் மறுக்கவில்லை. வெயில் தாழும் நேரத்தில் கடைவாசலில் இறங்கினார்கள். அங்கே காத்திருந்த ஆள், முன்னும் பின்னும் ஒரே தாளில் வருமா என்று கேட்டார். வரும் என்றாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மேலே போய்வருகிறார்கள். போதுமான எரிபொருளோடுதான். அந்தத் தெரு மாடிகளில் போர்வை உதறுகிறவர்கள், உதறும் முன் இடமும் வலமும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். யாராவது வந்துகொண்டிருந்தால், போகட்டும் என்று நின்று, பிறகு உதறுகிறார்கள்.