சுத்தப் பிரதி

மார்ச் 14, வியாழக்கிழமை. இறந்தவர் தம் எண்ணத்தைத் தம் கைப்பட எழுதிவைத்த தாள் என்னிடம் இருந்தும், கையெழுத்து இல்லை என்னும் ஒரே காரணத்தைக் காட்டி மூன்று அலுவலகங்கள் அதை ஏற்க மறுத்துவிட்டன. இதுவே என் குறை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான்; மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் எனக்கில்லை.

இன்று போனது மூன்றாவது அலுவலகம். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீல மையில் என் அண்ணனின் கோணல் எழுத்து. ஓரத்தில் கிரீஸ் படிந்த பெருவிரல் தடம். அடித்தெழுதிய இடங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டங்கள்.

"உயில்னு சொன்னீங்க. பரீட்சைப் பேப்பர் மாதிரில்ல இருக்கு? மார்க் எவ்வளவு சார் போட்டீங்க?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். உடன் வந்திருந்த என் தங்கை சிரிக்கவில்லை. "அந்தச் சிவப்பு மை யாருதுண்ணா?" என்று மட்டும் கேட்டாள். நான் அரசு ஊழியர்களின் ஒழுங்கீனத்தைப் பற்றி உரத்த குரலில் பேசத் தொடங்கினேன்.

அண்ணன் லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். மனைவியை இழந்தவர். கணவனைப் பிரிந்து வந்த தங்கையைத் தம் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளாக அவள் அந்த முன்னறையில் துணி தைக்கிறாள். அவருக்கு மூச்சிரைப்பு வந்த நாள்களில் தையலை நிறுத்திவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவளும் அவளே. உயில் இல்லையென்றால் வீடு அண்ணனின் ஒரே மகனுக்குப் போய்விடும். அவன் வெளிநாட்டில் இருக்கிறான்.

"கோபப்படாதீங்க சித்தப்பா, அத்தையை நான் ஒண்ணும் துரத்தல. வீட்டை விக்கத்தான் வேணும், அவ்வளவுதான். ரெண்டு மாசம் போதும்ல?" என்று தொலைபேசியில் கேட்டான். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனைத் திட்டுவதற்குக்கூட வழியில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"டேய் வாத்தியாரே, வீடு தங்கச்சிக்குன்னு எழுதிட்டேன், ஒரு தடவை பாத்துரு. சாட்சிக்கு ரெண்டு பேரு வெளிய வண்டியிலயே உக்காந்திருக்கானுங்க. பேனாவைக் கொடு, போட்டுட்டுப் போறேன்."

படித்தேன். 'பாதி வீடு' என்பதை அடித்து, 'முழு வீடு' என்று மேலே எழுதியிருந்தார். அப்படி இன்னும் நான்கு இடங்கள். என் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடியது.

"நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா? அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிட்டு வாங்கண்ணா."

"நல்லவேளை, உன்கிட்ட நான் படிக்கல. பத்து வருஷம் ஒரே கிளாஸ்ல உக்கார வெச்சிருப்ப," என்று சிரித்தபடி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பதினொன்றாம் நாள், ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர் வெளியே வரவில்லை.

பட்டறை இழுப்பறையில் இரண்டு தாள்கள் கிடைத்தன. ஒன்று, என் சிவப்பு மை பட்டது. மற்றொன்று, அளவுகோல் வைத்து ஓரக்கோடு இழுத்த புதிய தாள். அதில் இரண்டரை வரிகள் இருந்தன. ஓர் அடித்தல்கூட இல்லை.

அலுவலகத்திலிருந்து திரும்பியதும் தங்கை அளவு நாடாவை எடுத்துத் துணி வெட்டும் இரும்பு மேசையை அளந்தாள். பிறகு வாசலை அளந்தாள். மறுபடியும் மேசையை அளந்தாள்.

"இது வெளிய வராதுண்ணா. பெரியண்ணன் உள்ள வெச்சே வெல்டு பண்ணினது."

"சிவப்பு மை என்னுதுதாம்மா."

"தெரியும். அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். நாடா எங்கள் இருவருக்கும் இடையே இறுகி நின்றது. வாசல் நான்கு விரல் குறைவாகவே இருந்தது.

இதைப் படிப்பவரே, உங்கள் வீட்டு இழுப்பறையிலும் அப்படியொரு தாள் கிடக்கலாம். அடித்தலும் கிறுக்கலுமாக இருந்தாலும் சரி, சாட்சிகள் வெளியே காத்திருக்கும்போதே அதில் கையெழுத்திடுங்கள். சரிபார்த்துத் தரச் சொல்லி என்னைப் போன்ற ஒருவனிடம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.