வேறொருவன் குரலில் திவாகரன்

படம் வெளியாகி நான்காவது நாளும் தேவலக்கரை திவாகரன் ஒரு சாக்கு கண்டுபிடித்தார். முதல் நாள் டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். மறுநாள் மழை. மூன்றாம் நாள் ஆட்டோ கிடைக்கவில்லை. இன்றைக்கு வயிற்று வலி. நாற்பத்தோரு வருடம் மேடையில் ராஜாவாகவும் கொலைகாரனாகவும் வெளுத்து வாங்கிய மனிதருக்கு, பெண்டாட்டியிடம் ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்ல வரவில்லை.

"சேட்டா, பின் வரிசைக்குக் கேக்குற மாதிரி முனகுறீங்க," என்றாள் வசுமதி, கட்டிலில் உட்கார்ந்தபடி. "வயித்து வலிக்காரன் இப்படி முனக மாட்டான். எழுந்து சட்டையைப் போடுங்க. மேட்னிக்குப் போறோம், ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு."

சர்க்கரை நோய் அவள் பார்வையைக் கொண்டுபோய் ஆறு வருடமாகிறது. அதற்கு முன் அவளும் அவர் நடித்த நாடகக் குழுவில், மலையாளத்தில் சொன்னால் சமிதியில், இருந்தாள். சின்னச் சின்ன வேஷம் கட்டுவாள். மற்ற நேரம் பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்று, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக்கொடுப்பாள். திவாகரன் மறந்ததுதான் அதில் அதிகம். அவர் எந்த வரியில் தடுமாறுவார் என்பது அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

சினிமாவிலும் அவர் தலைகாட்டாமல் இல்லை. பதினெட்டுப் படம். கல்யாணக் கூட்டத்தில் மாமா, டீக்கடையில் பேப்பர் படிப்பவர், இரண்டு முறை பிணம். வாயைத் திறக்க விட்டதில்லை. சினிமாக்காரர்களுக்கு ஒருவன் நடிப்பு பிடிக்காவிட்டால், "நாடகம் மாதிரி இருக்கு" என்றுதான் திட்டுவார்கள். திவாகரன் நாடகம் மாதிரி இல்லை, நாடகமேதான். அப்படிப்பட்டவருக்கு இந்தப் படத்தில் ஒரு வரி கிடைத்தது.

போலீஸ் ஸ்டேஷன் காட்சி. மகனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். லாக்கப்பில் அவன் செத்துவிட்டது தெரியாமல், கிழவன் சோற்றுப் பொதியோடு வந்து இன்ஸ்பெக்டரிடம் கேட்கிறான்: "அவன் சாப்பிட்டானா, சாரே?"

அந்த மூன்று வார்த்தைக்குப் பதினொரு நாள் வீட்டில் ஒத்திகை. நாடக மேடையில் மைக் மேலேயிருந்து தொங்கும். வசனம் பேச வேண்டுமென்றால் இரண்டு அடி முன்னால் வந்து, முகவாயைத் தூக்கி, அதற்குக் கீழே நின்று பேச வேண்டும். நாற்பது வருடப் பழக்கம். படப்பிடிப்பிலும் அதுதான் நடந்தது. ஆறு தடவை அவர் இரண்டு அடி முன்னால் வந்து, ஸ்டேஷன் கூரையைப் பார்த்துக் கேட்டார். கேமராவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஏழாவது தடவைதான் வீட்டு ஒத்திகையில் வசுமதி சொன்னது நினைவுக்கு வந்தது. "மைக்கைத் தேடாதீங்க சேட்டா. நான் பக்கத்துல படுத்திருக்கேன். எனக்கு மட்டும் சொல்லுங்க." அவளுக்குச் சொன்னார். டைரக்டர் அஜ்மல், முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை, ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

டப்பிங்குக்கு அழைப்பு வந்தது நாடக சீசன் நடுவில். மறுநாளே கொச்சிக்கு வர வேண்டுமாம். மறுநாள் ஹரிப்பாட்டுப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவர் நாடகம். அவர் போகாவிட்டால் அந்த வேஷத்துக்கு வேறு ஆள் கிடையாது. நாடகம் நடக்காவிட்டால் கோயில் கமிட்டிக்காரர்கள் சமிதி வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதிப் பதினொரு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

"மேடையை விட்டுட்டு வர முடியாது மோனே. அதுக்கு மறுநாள் முதல் ரயிலுக்கே வந்துர்றேன்."

"பார்க்கலாம் சேட்டா," என்றான் போனில் பேசியவன்.

நாடகக்காரர்களிடையே, வருகிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அவனுக்காகத் திரை காத்திருக்கும். திவாகரன் அதே கணக்கில் முதல் ரயிலைப் பிடித்துக் கொச்சியில் போய் நின்றார். ஸ்டுடியோ வாசலிலேயே ஒருவன் சொல்லிவிட்டான்: "நேத்தே வேற ஆளை வச்சு முடிச்சாச்சு சேட்டா. பிரமாதமா வந்திருக்கு. கவலையே படாதீங்க." அவர் ரயில்வே ஸ்டேஷன் கேன்டீனில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். எப்படி வந்தது என்று வசுமதி ஆவலாகக் கேட்டாள். நல்லா வந்துச்சு என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சொன்ன அந்தப் பொய்தான் இன்றைக்கு வயிற்று வலிவரை வந்திருக்கிறது.

கருநாகப்பள்ளித் தியேட்டரில் பாதிக் கூட்டம். வசுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழைச் சத்தம், ஜீப் சத்தம், கேட் திறக்கும் சத்தம். ஸ்டேஷன் காட்சி வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்ப்பதற்கு அவருக்குத் தைரியம் இல்லை.

"அவன் சாப்பிட்டானா, சாரே?"

இளசான, நடுங்குகிற குரல். கடைசி எழுத்தில் ஒரு விசும்பல். பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். வசுமதியின் கை அவர் கைக்குள் அப்படியே இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தால், வராந்தாவில் நாலு பையன்கள் அவரை மடக்கிக்கொண்டார்கள். "அந்த அப்பா இவருதாண்டா!" ஒருவன் காலைத் தொட்டான். ஒருவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சினிமாத் தியேட்டரில் அவருக்காகக் கூட்டம் கூடியது.

"சேட்டா, அந்த டயலாக்கை ஒருதரம் சொல்லுங்க! வீடியோ எடுக்கறோம்."

திவாகரன் வசுமதியைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், வீட்டில் சொன்ன மாதிரியே சொன்னார்.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஃபீல் வரலையே சேட்டா," என்றான் ஃபோன் வைத்திருந்தவன், மரியாதையாகத்தான். "படத்துல சொன்ன மாதிரி சொல்லுங்க."

கூட்டம் காத்திருந்தால் நடிகனுக்குக் கை கால் சும்மா இருக்காது. அவருக்கு அது ரத்தத்தில் ஊறியது. தொண்டையை இறுக்கி, வயதைக் குறைத்து, அந்த நடுக்கத்தையும் விசும்பலையும் அச்சு அசலாகக் கொண்டுவந்தார். "அதேதான்!" என்று கைதட்டினார்கள்.

ஆட்டோ சவறைச் சாலைக்குத் திரும்பியது.

"நல்ல குரல்தான்," என்றாள் வசுமதி. "ஆனா அந்த இடத்துல அழக்கூடாது. புள்ளை செத்தது அப்பனுக்கு இன்னும் தெரியாதே. சோறு ஆறிடுமேன்னுதானே கேக்கறான்."

"ம்."

"என்கிட்ட ஏன் சேட்டா சொல்லல?"

"நீ ஆசையா இருந்தியே."

"நான் சினிமாவுக்கா ஆசைப்பட்டேன்?" என்றாள் அவள். "உங்க முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது. குரல்தான் இருக்கு. அது அங்க நாலு பேருக்கு நடுவுல கேக்கும்னு வந்தேன்."

இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

"இப்ப எனக்குச் சொல்லுங்க," என்றாள். "எனக்கு மட்டும்."

அவர் சொன்னார். வந்தது அந்த டப்பிங்காரனின் நடுக்கம். திகைத்துப்போய் மறுபடி சொன்னார். மறுபடியும் கடைசியில் அந்த விசும்பல். மூன்றாவது தடவை வாயைத் திறந்தார். வரி எப்படித் தொடங்கும் என்பதே பிடிபடவில்லை.

வசுமதி அவர் காதருகே சாய்ந்தாள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று சொல்வதுபோல, உணர்ச்சி எதுவும் கலக்காமல், வெறும் மூச்சில் எடுத்துக்கொடுத்தாள்: "அவன் சாப்பிட்டானா, சாரே."

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தான். வசுமதி இறங்கவில்லை. காதை அவர் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தாள்.