ரெட்டைத்தலைக்கு ஒருநாள் பயணம்

1

இந்தக் கதையை நான் முதலில் ஆல்ப்ஸ் மலையில்தான் தொடங்கினேன். ஆல்ப்ஸை நான் பார்த்ததில்லை. விக்கிரமசிங்கபுரத்தில், நூல் ஆலையின் சங்குச் சத்தம் வந்து விழும் மாடியறையில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்ததோடு சரி. அந்த நாவல்களில் யாராவது சன்னலோரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்த்து முடித்ததும் வாழ்க்கையில் ஏதாவது ஒரு முடிவு எடுத்துவிடுவார்கள். நான் கண்ட பனிக்கட்டி எல்லாம் உவரிக் கடற்கரையிலிருந்து மீன் பெட்டிகளில் வந்து, சந்தை வாசலில் சாக்கு வழியே உருகி ஒழுகியதுதான். அதையும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியிருக்கிறேன்.

முதல் தொடக்கம் இது:

'வழிகாட்டி யோஹான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தன் சிறிய குழுவைத் திரும்பிப் பார்த்தான். பைன் மரங்களுக்கு மேலே சிகரம் வெள்ளியைப் போல'

இங்கே நின்றுவிட்டது. அடுத்த வரியில் யோஹான் வாயைத் திறந்து, "பைய வாங்க, பாறை வழுக்கும்" என்றான். எத்தனை முறை திருத்தியும் அவன் வேறு மாதிரி பேசவில்லை. அது நான் கேட்ட குரல். கேட்ட இடம் மாஞ்சோலை மலை. அன்றைக்கு அங்கே ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியைத் தள்ளி வைக்கத்தான் நான் ஆல்ப்ஸ் வரை ஓடியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

2

ஆகவே யோஹானை அவன் கயிற்றோடு அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் இசக்கியப்பன் வந்து நிற்கிறார். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நாங்கள் போன 1996 தை வாக்கில், அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வேனில் கொஞ்சம் பேரை ஏற்றிக்கொண்டு போய், மலையைச் சுற்றிக் காட்டி, இருட்டும் முன் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வண்டி ஓட்டுவது, விளக்கம் சொல்வது இரண்டும் அவரே.

பம்பாயிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா ஜம்பு புதிதாக ஒரு பைனாகுலர் வாங்கியிருந்தார். அதற்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் தம்பி மகளான நானும் அவரும் கிளம்பினோம். எங்களோடு ஒரு புதுமணத் தம்பதி. (கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. பின்சீட்டில் தூங்கட்டும்.) எங்களுக்கு முன்னால் உவரிக்காரர்கள் இருவர்: லூர்து மேரியும், அவள் கணவரின் தம்பி இன்னாசியும். இன்னாசி வண்டியின் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். கடலில் ஆடாத ஆள் கொண்டைஊசி வளைவில் வெளிறிப் போயிருந்தார்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டியதும் லூர்து மேரி கேட்டாள்.

"அண்ணாச்சி, ரெட்டைத்தலை எப்ப வரும்?"

"அப்படி ஒரு மலை இங்கன கிடையாதேம்மா."

"என்ன இப்படிச் சொல்லுதிய? எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ரெண்டு தலை, நடுவுல பள்ளம். எடதுதலை லேசாச் சாஞ்சிருக்கும்."

"நான் இங்கனதான் பொறந்தேன். ரெட்டைத்தலையும் பாக்கல, மூணுதலையும் பாக்கல."

பெரியப்பா திரும்பினார். "ஏன் ஓய், உம்ம மலையில ஒரு தலையைக் காணுமாம். எங்க வச்சேள்னு ஞாபகப்படுத்திப் பாரும்."

எல்லாரும் சிரித்தோம். லூர்து மேரி சிரிக்கவில்லை. இன்னாசிதான் பைய சொன்னார்:

"கடல்ல இருந்து பாத்தாத்தான் அது ரெட்டைத்தலை, அண்ணாச்சி. கிட்ட வந்தா என்னவா இருக்கோ, யாருக்குத் தெரியும்."

3

(இங்கே கொஞ்சம் விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள். கதையை விட விளக்கம் எழுதுவது எனக்கு எளிது.)

கடலில் வழி சொல்லப் பலகை கிடையாது. மீன் கூடும் இடத்தைக் கரையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னால் தூரத்து மலையின் பள்ளமும் ஒரே கோட்டில் வர வேண்டும். பக்கவாட்டில் ஒரு பனங்கூட்டமும் இன்னொரு மலையும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலை இறக்குவார்கள். அதனால் உவரி ஆண்கள் மலையேறாமலே மலையை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் மலையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

லூர்து மேரியின் கணவர் மார்ட்டின் கடைசியாகப் போனது கோபுரத்துக்கும் ரெட்டைத்தலைக்கும் நேரான இடத்துக்கு. விடியற்காலையில் அங்கே அவரைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு காற்று எழுந்தது. கட்டுமரம் மட்டும் வேறொரு ஊரில் கரை ஒதுங்கியது. அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

நான் இதையெல்லாம் வேனில் தெரிந்துகொள்ளவில்லை. நாலுமுக்கு டீக்கடையில் இன்னாசி என் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தேன்.

"வாற ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் மவ ஃபெமினாவுக்குக் கோயில்ல ஓலை வாசிக்காவ, சார்."

"ஓலைன்னா?"

"கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பூசையில பேரு வாசிப்பாவ. இன்னார் மவன், இன்னார் மவ, கல்யாணத்துக்குத் தடை உண்டும்னா சொல்லுங்கன்னு. தாய் தகப்பன் பேரையும் சேத்துத்தான் வாசிக்கணும். இப்ப மார்ட்டின் மவ ஃபெமினான்னு வாசிக்கதா, மரித்த மார்ட்டின் மவ ஃபெமினான்னு வாசிக்கதான்னு பங்குச் சாமியார் கேக்காவ. மாப்பிள்ளை வீட்லயும் அதத்தான் கேக்காவ."

"உங்க மன்னி என்ன சொல்றா?"

"மைனி இதுவரைக்கும் மரிச்சவுகளுக்கான ஆத்துமப் பூசைக்கே குடுக்கல. உடம்பும் இல்ல, கல்லறையும் இல்ல, நான் எதப் பாத்து மெழுவத்தி ஏத்தன்னு கேக்கா. இப்பத்தான் இறங்கி வந்திருக்கா. அவுக கெடக்க எடத்த ஒரு மட்டம் கண்ணால பாத்துட்டா, மரித்தன்னே வாசிங்கன்னு சொல்லிருதேன்னா."

"கடல்ல போய்ப் பாக்கலாமே?"

"பொம்பள கட்டுமரத்துல ஏறக் கூடாதே சார். அதான் மலை மேல இருந்து பாக்க வந்தோம்."

அப்போது லூர்து மேரி டீக்கடைக்காரரிடம், "இது தேயிலைத் தோட்டமாவே? எங்க ஊர் டீ இத விடத் தேவல" என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

(முந்தைய எழுத்துப்படியில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். 'அவள் கண்களில் அரபிக் கடல்' என்றுகூட ஒரு வரி. உவரிக்கு முன்னால் இருப்பது அரபிக் கடல் அல்ல. அவளும் அழவில்லை. வரியை எடுத்துவிட்டேன்.)

4

இன்னொன்றையும் எடுத்தேன். மேலே 'லூர்து மேரியின் கணவர் மார்ட்டின்' என்று படித்தீர்கள். முதல் படியில் 'காலஞ்சென்ற மார்ட்டின்' என்று இருந்தது. யோசிக்காமல் கை எழுதிய சொல். மறுநாள் படித்தபோது திடுக்கிட்டேன். மூன்று வருஷமாக அந்தப் பெண் எந்தச் சொல்லை வீட்டுக்குள் விடாமல் கதவை அடைத்துக்கொண்டு நின்றாளோ, அதை நான் ஒரு பெயருக்கு முன்னால் சும்மா போட்டிருக்கிறேன், வாக்கியம் நன்றாக ஓட வேண்டும் என்பதற்காக.

நான் படித்த நாவல்களில் எத்தனை பேர் பாதி வாக்கியத்தில் செத்திருக்கிறார்கள். 'அந்தக் குளிர்காலத்தில் அவள் தந்தை இறந்தார்' என்று ஒரு வரி வரும். நான் அந்த வரியில் நிற்காமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அந்த ஊரில் யாராவது ஒருத்தி அந்த வரியை ஒத்துக்கொள்ள மறுத்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

5

காட்சிமுனை.

தோட்டத்துக்கு மேலே, புல்வெளி முடியும் இடத்தில் ஒரு பாறை. அங்கிருந்து கீழே சமவெளி முழுவதும் தெரியும் என்று இசக்கியப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கிப் போனால் ஒரே மஞ்சு மூட்டம். கை நீட்டினால் விரல் தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை.

"பைய வாங்க, பாறை வழுக்கும்."

பெரியப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். "இந்த வெள்ளையைப் பாக்கறதுக்கு எங்காத்துச் சுவரே போதுமே ஓய். இவ்வளவு தூரம் குலுக்கிக் கூட்டிண்டு வந்திருக்க வேண்டாம்."

"பொறுங்க சார். காத்து திரும்பினா விலகும்."

லூர்து மேரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினாள். கோயிலுக்குள் போவது போல முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "ரெட்டைத்தலை எங்கன, அண்ணாச்சி?"

இசக்கியப்பன் பாறையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொன்ன அடையாளத்த ரோசிச்சிட்டே வந்தேம்மா. கெழக்க இருந்து பாத்தா ரெண்டு தலையாத் தெரியணும்னா, ஒருவேள இப்ப நாம நிக்கதே ஒரு தலையா இருக்கும். நிச்சயமாச் சொல்ல மாட்டேன்."

அவள் குனிந்து பாதத்துக்குக் கீழே இருந்த பாறையைப் பார்த்தாள். தவறு எங்கே என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். மலையில் ஏறியதும் மலை காணாமல் போய்விடுகிறது.

ஆனாலும் அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அது கெடக்கட்டும் மக்கா. அங்கன நின்னு இத அவுக பாத்தாகள்லா? அப்ப இங்கன நின்னு அவுகள நான் பாக்கலாம்லா? கோடு ஒண்ணுதான?"



6

இப்போது நான் எழுத்தாளராக ஏதாவது செய்தாக வேண்டும். மஞ்சு என் கையில் இருக்கிறது.

முடிவு ஒன்று: மஞ்சு விலகவில்லை. மாலை வரை நிற்கிறார்கள், கீழே இறங்குகிறார்கள். லூர்து மேரி பார்க்கவில்லை, ஆகவே மார்ட்டின் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் 'மார்ட்டின் மகள் ஃபெமினா' என்று வாசிக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்டவர்களுக்கு மகள் என்ன சொல்வாள் என்று

(பாதியில் விட்டேன். ஃபெமினாவை நான் பார்த்ததே இல்லை.)

முடிவு இரண்டு: 'மஞ்சு விலகியது. தொலைவில் கடல் ஒரு நீலக்கோடாகத் தெரிந்தது.' அழகான வரிதான். ஆனால் அதை எழுதி முடிக்கும் நொடியில் ஒரு மனிதன் சாகிறான். அவனைக் காற்று கொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து, விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மாடியறையில், நான் கொல்கிறேன்.

இரண்டையும் வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். ஆலைச் சங்கு ஊதியது, ஓய்ந்தது. கடைசியில் நடந்ததையே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். அது இரண்டையும் விட மோசம்.

7

காற்று திரும்பியது. மஞ்சு முழுவதும் விலகவில்லை, நடுவில் ஒரு சன்னல் அளவுக்கு மட்டும் கிழிந்தது. அதன் வழியே வெகுதூரத்தில், சமவெளியின் விளிம்பில், வெயில் பட்டு ஏதோ நீளமாக மின்னியது.

"அதோ! கடல்!" என்று கத்தியவர் பெரியப்பா. பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினார். கேலி செய்த மனிதரின் குரல் உடைந்திருந்தது. "பாருங்கோம்மா, நன்னாப் பாருங்கோ."

இசக்கியப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் தெரிந்துவிட்டது. மழை முடிந்த தை மாதம். எங்கள் ஜில்லாவில் ஊருக்கொரு குளம், எல்லாம் நிரம்பிக் கிடக்கும். நீளக் கரையுள்ள ஏதோ ஒரு குளம் அது. கடல் அதற்கும் அப்பால், இன்னும் மஞ்சுக்குள்ளேயே இருந்தது.

இன்னாசிக்குத் தெரியாமல் இருக்குமா? பிறந்தது முதல் கடலைப் பார்த்த கண். அவர் அந்த மினுக்கத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு திரும்பி, பாறையில் இருந்த அவளுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லூர்து மேரி பைனாகுலரை இறக்கினாள்.

"அதுவா?"



அவள் இன்னாசியிடம் கேட்கவில்லை. "கொழுந்தனுக்குப் பூச நடக்கணும்" என்றாள். இசக்கியப்பனிடமும் கேட்கவில்லை. "அண்ணாச்சிக்குக் கூட்டிட்டு வந்தவியளுக்கு எதையாவது காட்டணும். அந்த சாருக்கு மனசு எளகிட்டு. நீ சொல்லு மக்கா. நீ ஒருத்திதான் இதுல ஒண்ணும் வேண்டாதவ. அதுவா கடலு?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்து இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் என்னை நம்பிய காரணம் தவறு. எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது: இந்தக் கதைக்கு ஒரு முடிவு. அதை வேண்டியவள் சாட்சி சொல்லக் கூடாது.

மிச்சம் இருப்பது நீங்கள். வேனில் உங்களுக்கும் ஒரு இடம் இருந்தது, கவனித்தீர்களோ இல்லையோ. பூசையும் உங்களுக்கு வேண்டாம், பயணிகளும் வேண்டாம், கதைகூட இதோ முடியப் போகிறது. அவள் பாறையில் வெறுங்காலோடு நிற்கிறாள். பைனாகுலரை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்போகும் ஒரு பெயருக்கு முன்னால் ஒரு சொல்லுக்கான இடம் காலியாக இருக்கிறது.

கிழிசல் மூடிக்கொண்டு வருகிறது. வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.