தன் பெயரைத் தானே எடுத்தவர்

அந்தத் தெருவில் பதினெட்டு வீடுகள். அவர் வீடு போக மற்ற பதினேழு வீட்டுக்காரர்களும் அவரைத் தராசு என்றுதான் அழைப்பார்கள், அவர் இல்லாதபோது. நேரில் சார். கடைகளில் இருக்கும் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர் வேலை. தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வருகிறது. கேலிப் பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்ட ஆள் ஊரிலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்பார்.

வருடக் கடைசி விடுமுறையில் அந்தத் தெருவுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. வேலிச் செடிகளில் விளக்குச் சரம் தொங்கும். பிள்ளைகள் வண்ணக் காகிதத்தில் சங்கிலி ஒட்டிக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டுவார்கள். கடைசி சனிக்கிழமை சாயங்காலம் தெருக்கோடிப் புல்வெளியில் எல்லோரும் கூடுவார்கள். அன்றைக்குத்தான் பரிசுப் பரிமாற்றம். இரண்டு வாரம் முன்பே சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு வாங்கி, அவரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் மூன்று வரி எழுதி வைக்க வேண்டும். அதைப் படிக்கும்போது யாரென்று கூட்டம் கண்டுபிடிக்கும்.

போன வருடம் குலுக்கலில் ஏகக் குளறுபடி. ஒரே பெயர் இரண்டு பேருக்கு வந்து, ஒருவருக்கு இரண்டு பரிசு, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. "இந்த வருஷம் நான் பாத்துக்கறேன்" என்று இவர் தானாகவே தலையைக் கொடுத்தார். வெள்ளைத் தாளை அடிக்கோல் வைத்து அளந்து வீட்டுக்கு ஒன்றாக, ஒரே அளவில் பதினெட்டுத் துண்டு வெட்டினார். ஒரே பேனாவில் எழுதினார். ஒரே மாதிரி நான்காக மடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு புல்வெளியில் நின்று, குலுக்கலின் நேர்மை பற்றி ஐந்து நிமிடம் பேசவும் செய்தார். யாரும் கேட்கவில்லை என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஏழாவது வீட்டுத் தையற்காரம்மா தன் சீட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"சார், இதை மட்டும் மாத்திக் குடுங்க சார். இந்த ஆளுக்கு நான் எதுவும் வாங்கமாட்டேன்."

"விழுந்த சீட்டு விழுந்ததுதாம்மா."

"வேற ஒண்ணு எடுத்துக்கறேனே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. உங்களுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. விதின்னு ஒண்ணு இருந்தா அது எல்லாருக்கும் ஒண்ணுதான். எனக்கும் சேத்துத்தான்."

கடைசி இரண்டு வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அவள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

நடத்துகிறவன் கடைசியில் எடுப்பதுதான் மரியாதை என்று அவர் காத்திருந்தார். பதினேழு பேர் எடுத்துப் போன பிறகு வாளியின் அடியில் ஒரே ஒரு துண்டு கிடந்தது. பிரித்தார். அவருடைய பெயர். அவருடைய கையெழுத்தில்.

எதையெல்லாமோ யோசித்து வைத்திருந்தார். காற்றில் சீட்டு பறந்தால் என்ன செய்வது என்று வாளிக்கு மூடிகூடக் கொண்டுவந்திருந்தார். இது ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. பேய் முழி முழித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து எதிர் வீட்டு பிளம்பர், "என்ன சார், வில்லங்கமான ஆளு வந்துட்டாரா?" என்றார்.

"சேச்சே. நல்ல மனுஷன்தான்" என்றார் இவர்.

அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இரண்டு நிமிடச் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் தையற்காரம்மா இன்னும் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

தனக்குத்தானே பரிசு வாங்குவது அவ்வளவு சுலபமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆசைப்பட்டதை வாங்கினால் பேராசை. மலிவாக வாங்கினால், யாரோ தன்னை அவ்வளவுதான் மதித்திருக்கிறார்கள் என்று தெரு நினைக்கும். வேறு யாராவது வாங்குவதாக இருந்தால் என்ன வாங்குவார்கள்? காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எனக்குப் பரிசு வாங்கணும்னா நீ என்ன வாங்குவ?"

"உங்களுக்கா?" அவள் கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். "நான் வாங்கவே மாட்டேங்க. சட்டை வாங்கினா தையல் சரியில்லைம்பீங்க. பேனா வாங்கினா மை கசியுதும்பீங்க. அஞ்சு வருஷமா நான் வாங்கறதை விட்டுட்டேனே, கவனிக்கலையா?"

அவர் கவனிக்கவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போனார்.

கடைசியில், தரம் பார்க்கத் தெரிந்த ஒரே பொருளையே வாங்கினார். சமையலறைத் தராசு. பாத்திரக் கடையில் ஆறு தராசுகளை வரிசையாக வைத்து, பையிலிருந்து தன் நூறு கிராம் கல்லை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைப்பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "பரிசுக்குத்தானே சார்?" என்றாள்.

"பரிசுன்னா எடை குறையலாமா?" என்றார். அவள் போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் அதைப் பொதிய ஓரிடமும் கிடைக்கவில்லை. குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, துணி துவைக்கும் கல்லின்மேல் வண்ணத் தாளை விரித்து ஒட்டினார். அரைமணி நேரம் ஆயிற்று.

"என்னங்க, வயிறு சரியில்லையா?" மனைவி கதவைத் தட்டினாள்.

"இதோ வந்துட்டேன்."

"ஓமம் கொதிக்க வெக்கட்டா?"

"வெய்யி" என்றார், வேறு வழியில்லாமல். ஒரு டம்ளர் கசப்பைக் குடித்தும் தீர்த்தார்.

மூன்று வரி எழுதுவதில்தான் அவர் உண்மையாகவே மகிழ்ச்சி அடைந்தார். அதை மட்டும் இன்றுவரை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். நாலு முறை எழுதி, அடித்து, திருத்தி, கையெழுத்து தெரியக்கூடாது என்று அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். முதல் வரியைப் படித்ததுமே தெரு கண்டுபிடித்துவிடும். தான் தயங்கித் தயங்கி எழுந்து, "யாரு எழுதினதோ தெரியல, ரொம்ப அதிகமாப் புகழ்ந்துட்டாங்க" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த வாக்கியத்தையும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. புல்வெளியில் பாய்களும் மடக்கு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். இருட்டுவதற்கு முன்பே யாரோ விளக்குச் சரங்களைப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் வீட்டுப் பல் டாக்டரம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தாள்.

ஐந்தாவதாக வந்த தாள் இப்படி ஆரம்பித்தது: "இவர் 'இதோ கிளம்பிட்டேன்' என்று சொன்னால் இன்னும் படுக்கையில் இருக்கிறார் என்று அர்த்தம்."

"பிளம்பர்!" என்று புல்வெளியே கத்தியது. டாக்டரம்மா விடாமல் மிச்சத்தையும் படித்தாள். "போன மழைக்காலத்தில் இவர் சரிசெய்த குழாய் இப்போது என் அடுப்படியில் ஒழுகுகிறது. ஆனால் என் மாமியார் விழுந்த அன்று இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார், செருப்புக்கூடப் போடாமல்."

பிளம்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசி வரியில் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தையற்காரம்மா எங்கோ பார்த்தபடி காது தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது இவருடையது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவர் காலம் தவறாதவர்" என்று படித்தாள் டாக்டரம்மா.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஸ்கூல் வேன் டிரைவரா?" என்றது ஒரு குரல். இல்லை, அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

"எந்நிலையிலும் நியாயத்தை விட்டுக்கொடுக்காதவர்."

"ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர்!" ஹெட்மாஸ்டர் கையை ஆட்டி மறுத்தார், அவர் மடியில் பரிசுப் பெட்டி இருந்தது.

"அமைதியாக அனைவருக்கும் உதவுபவர்."

தெருவே தாடையைச் சொறிந்தது. பிளம்பர் எழுந்தார். "டாக்டரம்மா, ஒரு சந்தேகம். செத்துப்போனவங்க பேரையும் சீட்டுல எழுதிட்டாங்களா? இது இரங்கல் கூட்டத்துல படிக்கிற மாதிரி இருக்கே!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இவரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே. ஹெட்மாஸ்டர் பெரியமனதோடு, "நம்ம ஆய்வாளர் சாரா இருக்குமோ?" என்று இவர் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"அமைதியாவா? அவரா?" என்று சிரித்தபடி அவள் திரும்பினாள். கணவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும். ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டாள்.

பொட்டலத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருடைய மகள், பதினோரு வயது, அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு விநாடிதான் ஆயிற்று.

"இது எங்கப்பா ஒட்டினது!" என்று கத்தினாள். "டேப் எல்லாம் ஒரே நீளம். அடிக்கோல் வெச்சு வெட்டியிருக்கு, பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். ஒரே நீளம்தான்.

"அப்போ சொல்லிடுங்க சார்" என்றாள் டாக்டரம்மா. "யாருக்கு வாங்கினீங்க? நாங்க தோத்துட்டோம்."

அவர் எழுந்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் இதற்கு உதவவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எனக்குத்தான்" என்றார்.

"எதுக்கு?"

"எனக்கு என் பேரே வந்துருச்சு."

தையற்காரம்மாவின் குரல் வந்தது, ரொம்பச் சாவதானமாக. "மாத்திருக்கலாமே சார்?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் தாங்க முடியாமல் முதலில் அவர்தான் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மொத்தத் தெருவும் சிரித்தது. பொட்டலத்தைப் பிரித்து மகள் தராசை வெளியே எடுத்ததும் ஹெட்மாஸ்டரே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

"ஓமம்!" மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதுக்காகவா குளியலறையில ஒளிஞ்சு, ஓமத்தண்ணியெல்லாம் குடிச்சீங்க?"

"சாருக்கு மூணு வரி நாம எழுதுவோம்" என்றாள் டாக்டரம்மா பேனாவை எடுத்து. யோசிக்கவே தேவையிருக்கவில்லை. "குப்பைத்தொட்டியை வாசல்ல ரெண்டடி தள்ளி வெச்சா உடனே வந்து சொல்வாரு" என்றார் பிளம்பர். "என் அளவுநாடா தேஞ்சுபோச்சுன்னு சொல்லாமக் கொள்ளாம புதுசு வாங்கி வாசல்ல வெச்சுட்டுப் போனாரு, அவருதான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காரு" என்றாள் தையற்காரம்மா. மூன்றாவது வரியை மனைவி சொன்னாள்: "தப்புப் பண்ணினா ஒத்துக்க ரெண்டு வாரம் ஆகும். ஆனா ஒத்துப்பாரு."

அதை டாக்டரம்மா உரக்கப் படித்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்த தாளை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியவர்களுக்கான சாக்கு ஓட்டம். வருடா வருடம் விசில் ஊதுவதும் கோட்டை அளந்து போடுவதும் அவர் வேலை. இந்த முறை அவர் கை நீட்டுவதற்குள் தையற்காரம்மா விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிளம்பர் ஒரு சாக்கை அவர் காலடியில் போட்டார்.

"இறங்குங்க சார்."

"எனக்குப் பழக்கமில்லப்பா."

"இதுக்கென்ன பழக்கம்?"

மகள் அவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். விசில் ஒலித்தது. நாலாவது குதியில் அவர் விழுந்தார், அவர்மேல் பிளம்பர் விழுந்தார். புல்லில் முகம் பதிந்து கிடந்தவருக்கு, பத்தடி தள்ளித் தன் மனைவி சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டு, பிளம்பரைத் தள்ளிவிட்டு எழுந்து மறுபடி குதிக்க ஆரம்பித்தார்.